சம்மேளன்ல கேக்கலாம், கிராமசபைல கேக்கக்கூடாதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் 1986லேர்ந்து 2003 வரைக்கும் 17 வருஷம் ராணுவத்துல இருந்துட்டு ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்தவன், இப்ப வேலூர் மாவட்டத்துல சொந்த ஊர்ல கொஞ்சம் நிலத்தை வச்சு விவசாயம் பாத்துக்கிட்டு இருக்கேன். பேப்பருக்கு லெட்டர் எழுதற பழக்கம் எனக்கு கிடையாது, ஆனா போன ஆகஸ்ட் 15 கிராமசபைல நடந்தது மனசை விட்டு போகவே மாட்டேங்குது.

அன்னைக்கு காலைல கொடி ஏத்தி மிட்டாய் குடுத்து முடிஞ்சதும் ஸ்கூல் வாசல்ல புங்கமரத்தடில சேர் போட்டு கிராமசபை ஆரம்பிச்சாங்க. வரவு செலவு படிக்கும்போது எங்க தெருவுக்கு குடிதண்ணி இணைப்பு வேலை முடிஞ்சதுன்னு ஒரு வரி வந்துச்சு. ஜல் ஜீவன் திட்டத்தை 2019ல அறிவிச்சப்ப ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு சொன்னாங்க, எங்க தெருவுல வீட்டுக்கு வீடு வாசல்ல பைப் நிக்குது, திருகினா காத்துதான் வருது, என் வீட்டம்மா இன்னும் இடுப்புல ஒரு குடம் கையில ஒரு குடம்னு மெயின் ரோடு டேங்குக்குதான் போய்ட்டு வருது. நான் எழுந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், தண்ணி வராத பைப்புக்கு வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்து போட்டது யாருங்கன்னு.

முன் வரிசைல உக்காந்திருந்த ஒருத்தர் சட்டுனு எழுந்து, "மிலிட்டரிக்காரரா இருந்துக்கிட்டு, அதுவும் சுதந்திர தினத்தன்னைக்கு, கொடிக்கம்பத்துக்கு முன்னாடியே அரசாங்கத்தை குறை சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா"ன்னாரு. அதோட விட்டுருந்தா பரவால்ல. சாயந்திரம் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பையன் என்னை தேசத்துரோகின்னு எழுதிட்டான். அந்த பையனுக்கு ராணுவ செலக்ஷனுக்காக விடிகாலைல 5 மணிக்கு கிரவுண்டுல நின்னு, 1600 மீட்டர் எப்படி மூச்சு பிடிச்சு ஓடணும்னு சொல்லிக்குடுத்தவன் நான். அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

ராணுவத்துல கேள்வியே கேக்கக்கூடாதுன்னு வெளியில இருக்கறவங்க நினைக்கறாங்க. ஆர்டர் குடுத்தா செய்யணும், அது சரி. ஆனா மாசாமாசம் சைனிக் சம்மேளன்னு ஒண்ணு நடக்கும், யூனிட் ஜவான்கள் அத்தனை பேரும் தரைல ஜமக்காளத்துல உக்காந்திருப்போம், யூனிட்டுக்கு தலைமை அதிகாரியான சிஓ சாப் பேசி முடிச்சுட்டு "கிசி கா கோயி பாயிண்ட்?"னு கேப்பாரு, யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கான்னு அர்த்தம். ஜம்மு பக்கம் இருந்தப்ப லங்கர்ல, அதாவது எங்க சமையல்கூடத்துல, வந்த கோதுமை மாவு மூட்டையில புழு இருந்துச்சு, நான்தான் எழுந்து அட்டென்ஷன்ல நின்னு சொன்னேன். சுபேதார் சாப் என்னை முறைச்சாரு. சிஓ சாப் குறிச்சுக்க சொன்னாரு, அடுத்த வாரமே மூட்டை மாறிடுச்சு. அத்தனை பேர் முன்னாடி நான் அப்படி சொன்னதால என்னை யாரும் பாகிஸ்தான்காரன்னு சொல்லல, சொன்னவனுக்கு யூனிட் மேல அக்கறை இருக்குன்னுதான் எடுத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு சொல்லணும். டிரெயினிங் முடிஞ்சு சத்தியப்பிரமாணம் எடுத்தப்ப அரசியல் சட்டத்துக்கு விசுவாசமா இருப்பேன், உயிருக்கே ஆபத்துன்னாலும் கட்டளைப்படி போவேன்னுதான் சொன்னேன், எந்த கட்சி பேரும் அதுல கிடையாது. என் சர்வீஸ்ல ராஜீவ் காந்தி, வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ், வாஜ்பாய், தேவகவுடா, குஜ்ரால்னு 7 பிரதமரைப் பாத்துட்டேன். ஒருத்தர் போனா ஒருத்தர் வந்தாங்க, நாங்க சல்யூட் அடிச்ச கொடி மட்டும் அதே கொடிதான். அரசாங்கம்தான் நாடுன்னா அந்த 17 வருஷத்துல எத்தனை வாட்டி நாடு மாறியிருக்கணும்?

கார்கில்ல 1999ல எத்தனை பசங்க போனாங்கன்னு உங்களுக்கு தெரியும். சண்டை முடிஞ்ச கையோட அரசாங்கமே திருச்சியில பிறந்த கே.சுப்ரமணியம் தலைமைல ஒரு கமிட்டி போட்டுச்சு, பாகிஸ்தான்காரங்க இவ்வளவு பேர் மலை ஏறி பங்கர் கட்டற வரைக்கும் நமக்கு எப்படி தெரியாம போச்சுன்னு அது கேட்டுச்சு, அந்த ரிப்போர்ட் பார்லிமென்ட்லயும் வந்துச்சு, உளவுத்துறைல நிறைய மாத்தினதுக்கு அதுதான் காரணம். அதுக்கும் முன்னாடி 1962ல சீனாக்காரன் உள்ள வந்துக்கிட்டு இருக்கும்போதே பார்லிமென்ட்டை கூட்டுங்கன்னு வாஜ்பாய் நேரு கிட்ட போய் கேட்டாரு, அப்ப அவரு சின்ன வயசு எம்.பி., நேருவும் நவம்பர் 8ம் தேதி கூட்டினாரு. சண்டை நடக்கற நேரத்துலயே கேக்கலாம்னா குடிதண்ணிக்கு கேக்கக்கூடாதா?

எல்லாத்தையும் எப்ப வேணா கேக்கலாம்னு நான் சொல்ல வரல. மும்பை தாக்குதல் நடந்தப்ப கமாண்டோ எங்க இறங்கறாங்கன்னு டிவில லைவ் காட்டினாங்களே அது தப்பு, எந்த படை எங்க நகருதுன்னு கேக்கறதும் தப்பு, ரகசியத்தை காசுக்கு விக்கறவன் துரோகி, அவனை நானே பிடிச்சுக் குடுப்பேன். பைப்புல தண்ணி வரலங்கறதுல என்னங்க ரகசியம் இருக்கு.

ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் கேட்டு எங்க ஆளுங்க 2015 ஜூன்லேர்ந்து டெல்லி ஜந்தர் மந்தர்ல உக்காந்தாங்க. மெடலை சட்டைல குத்திக்கிட்டு 80 வயசு பெரியவங்க உக்காந்த இடம் அது, ஆகஸ்ட் 14ம் தேதி, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், போலீஸ் வந்து பிடிச்சு இழுத்து சட்டை கிழிஞ்சுது. டிவில பாத்துட்டு கண்ணு கலங்கிட்டேன். செப்டம்பர் 5ம் தேதி அரசாங்கம் ஒத்துக்கிட்டதா அறிவிச்சுது. அன்னைக்கு அவங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு வர்ற பென்ஷன் இவ்வளவு வராது. தேசபக்தி அவங்களுக்கு குறைச்சல்னு யாராவது சொல்லட்டும், நேர்ல வந்து பேசறேன்.

ஐயா, உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 124ஏ பிரிவுல வழக்கு போட்டா தேசத்துரோக வழக்குன்னு போட்டுக்கிட்டு வந்தீங்க. வெள்ளைக்காரன் 1870ல கொண்டு வந்த அந்த பிரிவுல இருந்தது அரசாங்கத்து மேல வெறுப்பை உண்டாக்கறதுன்னுதான், தேசம்னு அதுல இல்ல. அந்த காலத்துல நம்ம ஆளுங்க சரியா ராஜதுரோகம்னு சொன்னாங்க. அந்த ராஜதுரோகத்துக்குத்தான் 1908ல வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் தண்டனை குடுத்தான், அப்பீல்ல குறைச்சும் 1912 டிசம்பர் வரைக்கும் ஜெயில்ல இருந்தாரு. அவரு இழுத்த செக்கை கிண்டி காந்தி மண்டபத்துல வச்சிருக்காங்க, பேரனை கூட்டிட்டு போய் காட்டினேன், "மாடு இழுக்கறதை ஏன் தாத்தா இவரை இழுக்க விட்டாங்க"ன்னு கேட்டான், கேள்வி கேட்டாருப்பான்னு சொன்னேன். ராஜா போயாச்சு, ஆனா ராஜதுரோகத்தை தேசத்துரோகம்னு பேர் மாத்தி நம்மளே வச்சுக்கிட்டோம், கூடங்குளத்துல அணு உலை வேண்டாம்னு உக்காந்த ஆயிரக்கணக்கான ஜனங்க மேல அதைத்தான் போட்டாங்க, அந்த வழக்கையெல்லாம் வாபஸ் வாங்க முயற்சி பண்ணுங்கன்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியதாச்சு. எவ்வளவு கடுமையா விமர்சனம் பண்ணாலும் வன்முறைய தூண்டாத வரைக்கும் இந்த பிரிவுல குத்தமில்லன்னு 1962லயே அதே கோர்ட்டு சொல்லிடுச்சு. 2022ல அதை நிறுத்தி வச்சாங்க, 2024 ஜூலை 1லேர்ந்து புது சட்டத்துல 152வது பிரிவுன்னு வேற வார்த்தையில வந்துருக்கு. சட்டம் எப்படியோ போகட்டும், பேப்பர்ல தினம் வர்ற அந்த சொல்லைத்தான் அந்த பையன் எடுத்து என் மேல வீசினான், அதை பாத்து போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

அன்னைக்கு என் கேள்வியை தீர்மான நோட்டுல எழுதவே இல்ல. அதனால 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை சட்டத்துல மனு போட்டுருக்கேன், வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்து போட்ட அதிகாரி பதவி என்ன, தேதி என்ன, எத்தனை நாள் தண்ணி விட்டு பாத்தாங்கன்னு மூணு கேள்வி. 30 நாள்ல பதில் குடுக்கணும். அக்டோபர் 2 கிராமசபைக்கு அந்த மனுவோட நகலை எடுத்துக்கிட்டு போறேன், மெடலையும் குத்திக்கிட்டுதான் போவேன். அந்த பையனை ரெண்டு நாள் முன்னாடி டீக்கடைல பாத்தேன், தலைய குனிஞ்சுக்கிட்டு போய்ட்டான், காலைல கிரவுண்டுக்கு வாடான்னு சொல்லி அனுப்பிருக்கேன், செலக்ஷனுக்கு இன்னும் ஓட்டத்துல 20 செகண்ட் குறைக்கணும் அவன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரர்,
வேலூர் மாவட்டம்.