அப்பாவுக்கு, ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானம் பார்த்த கதை

இயேசு மரி சூசை துணை

லிவர்பூல்,
15 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். மார்த்தாண்டத்துக்காரி லீவு முடிந்து வந்தபோது கொடுத்துவிட்ட கடிதமும் கருவாட்டுப் பொட்டலமும் ஜனவரி முதல் வாரமே கைக்கு வந்துவிட்டன. பதில் எழுத இத்தனை நாள் ஆக்கியதற்கு மன்னிக்க வேண்டும். போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நீங்கள் "சாப்பிட்டியா மக்களே" என்று கேட்டதும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை நைட் டியூட்டிக்குக் கொண்டுபோகும் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கருவாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமி காயவைத்த நெத்திலி பொடியாகாமல் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகாய்த்தூள் போட்டு வறுத்தேன். கூட இருக்கும் கோட்டயத்துக்காரி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். வெளியே 2 டிகிரி. ஐந்து நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம். பதினேழாம் நம்பர் வீட்டுத் தாத்தா! சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன். அவரோ மூக்கை நீட்டி, "என்ன மீன் இது?" என்றார். தட்டில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே தின்றார். அப்புறம் தன் வீட்டுக்குப் போய் வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு எடுத்து வந்து, நடுவில் நெத்திலியை அடுக்கி மூடிக் கடித்துக்கொண்டே போனார். அவருடைய அப்பா இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவராம்.

மரச்சீனி இங்கே மலையாளிக் கடையில் உறையவைத்த பாக்கெட்டாகத்தான் கிடைக்கிறது. தேங்காய்த் துருவலும் அப்படித்தான். மீன் புளிமுளம் வைத்தேன், நிறம் வந்தது, ருசி வரவில்லை. அதற்காக அம்மா கவலைப்பட வேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட் போனால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ரொட்டி, காய்கறி எல்லாம் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் அந்த நேரம் பார்த்துத்தான் போவோம். கூட்டமும் இருக்காது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "ஒன்றரை வருஷமாக லிவர்பூலில் இருக்கிறாய், ஆன்ஃபீல்டுக்குள் கால் வைத்தாயா?" என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறீர்கள். வைத்தேன் அப்பா. கிறிஸ்துமஸுக்கு முன்னால், லிவர்பூல் கிளப்பின் ஒரு ராத்திரி ஆட்டம். ஸ்கோர் உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

இத்தனை நாள் போகாததற்குக் காரணம், நினைத்த நேரத்தில் கவுண்டரில் போய் டிக்கெட் வாங்க முடிவதில்லை. முதலில் பணம் கட்டி மெம்பர் ஆக வேண்டும், பிறகு குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்தாலும் நல்ல இடம் 60 பவுண்டு பக்கம் வரும். நம்ம கணக்கில் ஏழாயிரம் ரூபாய். எனக்குக் கிடைத்தது தாத்தாவின் மகனுடைய சீசன் டிக்கெட் இடம். மகன் வேலையாக வெளியூர் போனதால் போனிலேயே என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது டிக்கெட் என்று காகிதம் எதுவும் கிடையாது, போனை வாசல் மெஷினில் காட்டினால் கதவு சுற்றும். தாத்தாவுக்கு அது பிடிபடவே இல்லை. போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான்தான் உள்ளே அனுப்பினேன். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய டிக்கெட்டுகள் வைத்திருக்கிறார். போப்பாண்டவர் படம் போல எடுத்துக் காட்டுவார்.

எங்கள் இடம் கோலுக்குப் பின்னால் இருக்கும் கோப் ஸ்டாண்டில். படி ஏறி வெளியே வந்ததும் அந்தப் பச்சை கண்ணில் அடித்தது. டிவியில் அந்தப் பச்சை வராது. குளிர் காற்றில் வரும் என்று தலைக்கும் காதுக்கும் மூடிக்கொண்டு போனேன். அது கான்கிரீட்டிலிருந்து செருப்பு வழியாக ஏறியது. ஆட்டம் தொடங்கும் முன் அத்தனை பேரும் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பிடித்துப் பாடினார்கள். திருவிழா கொடியேற்றத்தன்று நம்ம கோயில் முற்றத்தில் பிரார்த்தனைக்கு எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒன்று அதிருமே, அதே அதிர்வு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தாத்தா பார்க்கவில்லை.

டிவி பந்தின் பின்னாலேயே ஓடுகிறது அப்பா. நேரில் உட்கார்ந்தால் பந்து இல்லாத இடம் தெரிகிறது. லிவர்பூலின் பின்வரிசை ஆட்டக்காரர் வான் டைக் ஆட்டம் முழுக்கக் கையைக் காட்டிக் காட்டி முன்னால் இருப்பவர்களை நகர்த்திக்கொண்டே இருந்தார். பந்து ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும்போதும் விடவில்லை. நீங்கள் கோலில் நின்றபோது சத்தம் போட்டுக்கொண்டே இருப்பீர்களே, சின்ன வயதில் அதைத் திட்டு என்று நினைத்திருக்கிறேன். அது எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. ஒரு கோலை மட்டும் நான் பார்க்கவே இல்லை. முன்னால் இருந்த உயரமான ஆள் எழுந்துவிட்டார். மறுபடி காட்டுவார்கள் என்று காத்திருந்தேன், காட்டவில்லை. தூத்தூரில் உட்கார்ந்து நீங்கள் நாலு கோணத்தில் பார்த்த கோலை, அங்கேயே இருந்த நான் பார்க்கவில்லை. ஆனால் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்த அந்த முன்பின் தெரியாத அம்மாளின் பிடி இன்னும் தோளில் இருக்கிறது.

திரும்பி வரும்போது தாத்தா பழைய கதை சொன்னார். அவர் இளவட்டமாக இருந்தபோது கோப்பில் நாற்காலியே கிடையாது. எல்லோரும் நின்றுதான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் கைக்காசில் வந்துவிடுவார்கள். 1989-இல் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் 97 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் பெரிய மைதானங்களில் எல்லாம் நாற்காலி போட வைத்தார்கள். கோப்பில் 1994-இல் வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் அந்த 97-இல் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். நாற்காலி வந்தது நல்லதுதான், அதோடு விலையும் ஏறிக்கொண்டே போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. 2016 பிப்ரவரியில் அடுத்த சீசனுக்கு அதிக விலை டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தார்கள். சந்தர்லாண்டுடன் ஆட்டம், லிவர்பூல் 2-0 முன்னிலை. சரியாக 77-ஆவது நிமிடத்தில் பத்தாயிரம் பேர் போல எழுந்து வெளியே நடந்தார்கள். இவரும் ஒருவர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டம் முடியும் முன் வந்தாராம். பஸ்ஸில் ஏறுவதற்குள் சந்தர்லாண்ட் இரண்டு கோல் போட்டு 2-2. சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைக் கைவிட்டு, அதிகபட்சம் 59 என்று நிறுத்தினார்கள். அந்த இரண்டு கோலுக்கும் வருத்தமே இல்லை என்கிறார். டிவிக்காரர்கள் கொடுக்கும் பணத்துக்கு முன்னால் டிக்கெட் காசு சின்னது, அதை ஏன் எங்களிடம் பிடுங்க வேண்டும் என்று கேட்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

வீட்டில் பார்க்கலாமே என்பீர்கள். இங்கே நேரடி ஒளிபரப்பு எது பார்த்தாலும் டிவி லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ். அப்புறம் ஆட்டங்கள் இரண்டு கம்பெனியில் பிரிந்து கிடக்கின்றன, இரண்டுக்கும் மாதச் சந்தா. அதற்குப் பிறகும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆட்டத்தை இந்த நாட்டில் காட்டவே மாட்டார்கள். டிவியில் காட்டினால் சின்ன ஊர்க் கிளப்புகளுக்கு ஆள் போக மாட்டார்கள் என்று அறுபதுகளிலேயே போட்ட கட்டுப்பாடு. மைதானத்துக்கு ஒரு மைலில் இருக்கிறவருக்கு ரேடியோதான், உங்களுக்கு அங்கே ராத்திரி எட்டரை மணிக்கு டிவியில் ஆட்டம். தாத்தா குளிரிலும் வாசலில் நாற்காலி போட்டு ரேடியோவை மடியில் வைத்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து நான் அம்மாவுக்குப் போன் போடுவது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சத்தம் பின்னால் கேட்கும். ஆனால் ரேடியோ முந்திக்கொள்கிறது. நான் "கோல்" என்றால் நீங்கள் "இல்ல மக்களே, பந்து இன்னும் நடுவுல கிடக்கு" என்கிறீர்கள். அரை நிமிடம் கழித்து அங்கே வீடே அதிர்கிறது. அந்த அரை நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மாதம் கிராஸ்பி என்ற இடத்துக்கு ரயிலில் போனேன். அங்கே மரைன் என்று ஒரு சின்னக் கிளப், 1894-இல் தொடங்கியது. டிக்கெட் ஆன்ஃபீல்டு விலையில் பாதிகூட இல்லை. மைதானத்தின் ஒரு பக்கம் வீடுகளின் கொல்லைப்புறம், வலை கட்டியிருக்கிறார்கள். கொல்லையில் துணி காய்கிறது, இந்தப் பக்கம் கார்னர் எடுக்கிறார்கள். நம்ம கடற்கரை மைதானத்தில் பந்து மேலவீட்டுப் பெரியம்மாவின் மீன் காயப்போட்ட பாயில் விழுமே, அது நினைவு வந்தது. ஆட்டம் முடிந்து கடற்கரைக்கு நடந்தேன். அங்கே 100 இரும்பு மனிதர்களை மணலில் நிறுத்தியிருக்கிறார்கள், ஆண்டனி கோர்ம்லி என்ற சிற்பி செய்தது. எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். தண்ணீர் ஏறி இடுப்பு வரை வந்தும் அசையாமல் நிற்கிறார்கள். அப்பா, எனக்கு ஓகி புயல் ராத்திரிதான் தெரிந்தது. அண்ணன் திரும்பி வரும் வரை அம்மாவும் மைனியும் நானும் மணலில் அப்படித்தான் நின்றோம். அங்கே ரொம்ப நேரம் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வர வேண்டும் போல இருந்தது. ஒரு நாளாவது, ஒரு சாயங்காலமாவது.

இப்போது நம்ம ஊர் ஃபுட்பால் டோர்னமெண்ட் விஷயம். ஏப்ரல் 5 ஈஸ்டர், அதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மலப்புரத்திலிருந்தும் பொழியூரிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கொண்டுவரச் செலவு அதிகம், அதனால் தகரம் அடைத்து எல்லோருக்கும் 100 ரூபாய் டிக்கெட் என்று கமிட்டியில் பேசினார்களாம். கேலரிக்கு வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தெற்குப் பக்கம் கயிற்றோரத்தை மட்டும் அடைக்க விடாதீர்கள். அங்கேதான் பிள்ளைகளும், மீன் விற்றுத் திரும்பும் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். நானும் அங்கே நின்றுதான் உங்களைப் பார்த்தேன். வெளியூர் ஆட்டக்காரர்களைக் குறைத்தாவது நடத்தலாம். நீங்கள் எழுந்து சொன்னால் கேட்பார்கள். நம்ம தாத்தா பெயரில் கோப்பைக்கு 25,000 கேட்டிருந்தீர்கள். கொடுப்போம், ஆனால் இந்த வருஷம் இல்லை, அடுத்த ஈஸ்டருக்கு.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. திருவனந்தபுரத்துக்கு அண்ணன் கூடப் போகட்டும், கொச்சியிலிருந்து போட் எப்போது கரை சேரும் என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். சீட்டுப் பணம் இந்த மாதம் 10-ஆம் தேதிக்கு வரவில்லை என்று தெரியும். ஷிஃப்ட் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. 28-க்கு அனுப்பிவிடுவேன், மாமியிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். சமையல்கட்டுக் கூரை ஓடுகளை மழைக்கு முன் மாற்ற வேண்டும், ஆசாரியிடம் ரேட் மட்டும் கேட்டு வையுங்கள். மைனிக்கு ஏழாம் மாதம், கிணற்றில் தண்ணீர் இறைக்க விடாதீர்கள்.

என் கழுத்தில் செயின் இல்லை என்று அம்மா வீடியோவில் பார்த்துக் கேட்டாளாம். குளிரில் தங்கம் கழுத்தில் சில்லென்று ஒட்டுகிறது, அதனால் போடுவதில்லை. பத்திரமான இடத்தில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை எட்டரைக்குப் போன் போடுவேன். போனை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்