மில்வாஷ் மேட்டுநிலச் சாலைகளில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

இந்த நன்றிக்கு உரியவர்களில் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்குப் பிரெஞ்சில் தனித்தனியே அட்டை எழுதிப் போட்டாயிற்று. ஆனாலும் நம்மவர்கள் படிக்கும்படி இங்கேயும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. பாரீஸ் பக்கம் ஞாயிறுதோறும் சைக்கிள் மிதிக்கும் நம் கூட்டத்தில், "கிராமத்து ரோட்டில் ஈ காக்கா இருக்காது, வண்டி மக்கர் பண்ணினால் அவ்வளவுதான்" என்று பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

முதல் நன்றி, தன் மிஷ்லென் சாலை வரைபடத்தைக் கையில் திணித்த அண்ணனுக்கு. "இதில் சிவப்பு என்றால் பெரிய ரோடு, அந்தப் பக்கமே போகாதீங்கம்மா. மஞ்சள் பரவாயில்லை. வெள்ளைக் கோடு, அதாவது சின்ன ரோடு, கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்க. ஓரத்தில் பச்சை போட்டிருந்தால் காட்சி நன்றாயிருக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நானும் தங்கையும் நடு பிரான்ஸில் இருக்கும் லிமோஜிலிருந்து சின்ன ரயில் ஏறி எமுத்தியேவில் இறங்கினோம். வாசிவியேர் ஏரி, ரொயேர், ஜான்ஸியூ என்று மில்வாஷ் மேட்டுநிலம் முழுக்க வெள்ளைக் கோடுகளிலேயே சுற்றினோம். ஜான்ஸியூ இருக்கும் க்ரோஸ் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு இருபது சொச்சம் பேர்தான். கார் வந்தால் அரை மைல் முன்னாலேயே காதில் விழும்.

அந்தக் கார்க்காரர்களுக்கும் நன்றி. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விடவேண்டும் என்பது சட்டம். ஆனால் வளைவான ஏற்றத்தில் தங்கை மூச்சிரைக்க ஊர்ந்துகொண்டிருக்க, ஹாரனும் அடிக்காமல், இஞ்சினை உறுமவும் விடாமல் பின்னாலேயே வந்தாரே ஒரு பால்வண்டிக்காரர், அதை எந்தச் சட்டம் சொல்கிறது?

சாலைப் பணியாளர்களை யாரும் நினைப்பதில்லை. 'டி' எண் போட்ட சாலை மாவட்டத்தின் பொறுப்பு. அதைவிடச் சின்னது அந்தந்த ஊராட்சியின் தலையில். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர், அத்தனை கிலோமீட்டருக்குத் தார் பூசி, ஓரப்புல் வெட்டி வைத்திருக்கிறது. கோடையில் தார் தெளித்து மேலே பொடிஜல்லி கொட்டுவார்கள். போகிற வண்டிகள்தான் அதை அழுத்தவேண்டும். ஒல்லி டயர்க்காரர்களுக்கு அது எமன். ஆரஞ்சு உடுப்பு போட்ட ஒருவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு வந்து, எந்த முடக்கில் திரும்பினால் ஜல்லியைத் தவிர்க்கலாம் என்று எங்கள் வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

இத்தனைக்குப் பிறகும் ஜான்ஸியூவைத் தாண்டியதும் ஒரு கூர்ங்கல் என் பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டியூப் மாற்றினாலும் கிழிசல் வழியே பிதுங்கியது. பக்கத்துப் பண்ணையில் போய்க் கேட்டோம். அந்த விவசாயி ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குள் போய், ஆணியில் தொங்கிய பழைய சைக்கிள் டயரில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்து, அதன்மேல் டியூபை உட்காரவைத்தார். டிராக்டருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் எங்கள் மெல்லிய வால்வுக்குப் பொருந்தவில்லை. பரணிலிருந்து பழைய ஸெஃபால் கைப்பம்பு ஒன்று இறங்கியது. பத்து அடிக்கு ஒருதரம் நிறுத்தி, கட்டைவிரலால் வீக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடித்துக்கொண்டே சைக்கிள் பந்தய வீரர் புலிதோரைப் பற்றிப் பேசினார். ரேமோன் புலிதோர் 1936-ல் இதே மாவட்டத்தில் பிறந்தவர், 2019-ல் மறைந்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். முன்னணியில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டையை ஒருநாள்கூடப் போட்டதில்லை. பெரியவர் சொன்ன தோரணையைப் பார்த்தால், சட்டைக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று தோன்றியது. பணம் நீட்டியதற்கு முறைத்தார். "போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள், மாடு ரோட்டுக்கு வந்துவிடும்" என்றதோடு சரி. அந்தத் துண்டோடுதான் மீதி வழி முழுக்க ஓட்டினேன்.

திங்கட்கிழமை ரொட்டிக்கடை சாத்தியிருக்கும் என்பது நமக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரிகிறதா? கடைப்படியில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு ரொட்டியில் பாதியையும், அந்த ஊர்ப்பக்கத்து ஹேசல்நட் கேக்கில் இரண்டு துண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டால் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். தங்கை தயங்கினாள். பூச்செடிக்காக அங்கே குழாய் இருக்கும், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாருமே அங்கேதான் பாட்டில் நிரப்புவார்கள். குடிக்க ஆகாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கடைசியாக, எமுத்தியேவில் ரயில் கிளம்பும் நேரத்துக்கு நாங்கள் வியர்த்து விறுவிறுத்து ஓடிவர, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற டிக்கெட் பரிசோதகர் அம்மாவுக்கு. சைக்கிளைத் தூக்கி மாட்ட அவரே ஒரு கை கொடுத்தார், சீருடையில் செயின் எண்ணெய் ஒட்டியதைப் பார்த்துச் சிரித்தார். அம்மா, அது டிஷ் சோப்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

நன்றியுடன்,
பின்டயரில் இன்னும் அந்தத் துண்டை வைத்திருக்கும் அக்காவும், அவள் தங்கையும்