கரையில் கொட்டுகிற வண்டலை வயலுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருடாவருடம் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் டெல்டாவில் வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பொக்லைன் அள்ளுகிற மண்ணைப் பெரும்பாலும் அதே வாய்க்கால் கரையில் குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஐப்பசி அடைமழைக்கு அது கரைந்து திரும்பவும் வாய்க்காலுக்குள்ளேயே சரிகிறது, அடுத்த வருடம் அதே மண்ணை அள்ள இன்னொரு டெண்டர்.

அது வெறும் சேறு இல்லை சார், வண்டல். 1934-ல் மேட்டூர் அணை வருவதற்கு முன்பு ஆடியில் கலங்கல் தண்ணீர் வந்தால் அதோடு வண்டலும் வயலுக்கு வந்துவிடும். இப்போது அதில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது, குறைந்த சத்தை நாம் யூரியா மூட்டையை வைத்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறோம். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவதற்கு இன்றைக்கும் காவிரி வண்டலைத்தான் தேடுகிறார்கள். நாம் அதைக் கரையில் கொட்டி வைத்திருக்கிறோம்!

ஏரி, குளத்து வண்டலை இலவசமாக எடுக்க விதியில் வழி இருக்கிறது. ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கனமீட்டர், புஞ்சை என்றால் 90, மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 என்று அளவுகூட வைத்திருக்கிறார்கள். முன்பு கலெக்டர் அனுமதி வேண்டும், 2024-ல் தாசில்தாரே தரலாம் என்று மாற்றினார்கள். சரி, ஆனால் தண்ணீர் திறந்த பிறகு கையில் காகிதம் கிடைத்து என்ன செய்வது? சம்பா அறுத்து, உளுந்து பயறு எடுத்த பிறகு குறுவைக்கு உழவு ஓட்டும் வரைதான் எங்கள் வயலுக்குள் டிராக்டர் இறங்க முடியும். ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாள் என்றால், சித்திரை பிறக்கும்போதே அனுமதி கையில் இருக்க வேண்டும்.

வண்டல் என்று பெயர் சொல்லி, பள்ளம் நிரப்புகிற சவுடு மண்ணை அள்ளி மனைக்கட்டுக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து ஏரியில் வண்டலைத் தாண்டி ஆள் முழுகும் பள்ளம் தோண்டிவிட்டார்கள், கோடையில் மாடு இறங்கவே பயமாக இருக்கிறது. யாருக்கு எத்தனை லோடு என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டினாலே ஊர் பார்த்துக்கொள்ளும்.

வாய்க்கால் மண்ணுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். டவுனை ஒட்டிய வாய்க்காலில் பிளாஸ்டிக்கும் உடைந்த பாட்டிலும்தான் வரும், அதை யாரும் கேட்கப்போவதில்லை. உள்கிராமத்து சி, டி பிரிவு எனும் சிறிய கிளை வாய்க்கால்களில் நல்ல மண் கிடக்கிறது. எந்த ஊரில் எந்தத் தேதியில் தூர்வாருகிறார்கள் என்று ஒரு வாரம் முன்னால் தண்டோரா போட்டுச் சொல்லட்டும், டிப்பரும் டீசலும் எங்கள் செலவு, பொக்லைன்காரர் கரைப்பக்கம் திருப்புகிற பக்கெட்டை வண்டிப்பக்கம் திருப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.