ரிங்குக்கும் கூண்டுக்கும் ஒரே மருத்துவப் பதிவேடு வேண்டும்: போட்டிகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை அரங்கு ஒன்றில் சென்ற மாதம் நடந்த எம்.எம்.ஏ. (கூண்டுக்குள் நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலை) போட்டியில், என்னிடம் குத்துச்சண்டை பயிலும் மாணவர் நினைவிழந்து விழுந்தது குறித்துத் தங்களிடம் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறேன். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. எனவே நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்லாமல், அந்த இரவின் நாற்பது நிமிடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அரங்கில் ஆம்புலன்ஸ் இல்லாததால், உடன் சென்ற இரண்டு பையன்கள் அவனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பணியிலிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'இதற்கு முன் தலையில் எப்போது அடிபட்டது?' என்பது. பையன்கள் இருவரும், அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. செய்தி கிடைத்து ராயபுரத்திலிருந்து நான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. ஒன்பது நாளுக்கு முன்புதான் ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் அவன் நாக்-அவுட் ஆனான் என்பதை அந்த மருத்துவர் என் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டார். அந்த நாற்பது நிமிடமும் அவன் தலைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட அங்கே இல்லை. அக்காவின் வளைகாப்புச் செலவுக்காக என்னிடம் சொல்லாமல் கூண்டுக்குள் போனவன் அவன். அவனை நான் கண்டித்துவிட்டேன். ஆனால் எடை பார்த்து, கையெழுத்து வாங்கி அவனை உள்ளே அனுப்பியவர்கள், கடைசியாக எப்போது விழுந்தாய் என்று கேட்கவே இல்லை.

அமெச்சூர் குத்துச்சண்டையில், தலையில் விழுந்த அடியால் நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக்கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை என்றால் 90 நாள். ஓராண்டுக்குள் மூன்று முறை என்றால் ஓராண்டு. முப்பது ஆண்டுகளாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவரும் விதி இது. ஆனால் ரிங்கின் கயிற்றைத் தாண்டினால் இந்த விதி செல்லாது. ஒரு வீரர் ரிங்கில் விழுந்தது கூண்டுக்காரருக்குத் தெரிய வழியில்லை; கூண்டில் விழுந்தது எங்களுக்கும் தெரிய வழியில்லை. என் கோரிக்கை இதுதான்: ரிங்குக்கும் கூண்டுக்கும் பொதுவாக, ஒவ்வொரு வீரருக்கும் ஒரே மருத்துவப் பதிவேடு வேண்டும். அதைப் பார்த்து மருத்துவர் கையெழுத்திடாத வரை எவரையும் எந்த மேடையிலும் ஏற்றக்கூடாது.

எம்.எம்.ஏ.வை மட்டும் தடைசெய்தால் போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பென்றால் நானே ஆமாம் என்றிருப்பேன். அது தெருச்சண்டை, பாக்சிங்தான் கலை என்று மாணவர்களிடம் நான் பலமுறை சொன்னதுண்டு. இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் பேர் சொல்லி மோதிய ஊரில், 1980இல் உலகப் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் முகமது அலி நேரில் வந்து நேரு ஸ்டேடியத்தில் கையுறை அணிந்து நின்ற ஊரில் வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அது சரியல்ல என்று பிறகு புரிந்துகொண்டேன்.

குத்துச்சண்டையில் ஆயுதம் கை ஒன்றுதான். இலக்கு தலையும் இடுப்புக்கு மேற்பட்ட உடலும் மட்டுமே. ஆகவே அடிகள் வேறெங்கும் சிதறாமல் ஒரே இடத்தில் குவிகின்றன. சுமார் 280 கிராம் எடையுள்ள கையுறை எதிராளியின் மூளையைக் காக்கிறது என்று பெற்றோர் நம்புகிறார்கள். உண்மையில் அது காப்பது அடிப்பவரின் விரல் எலும்புகளை. விரல் உடையும் என்ற பயம் இல்லாததால் மண்டையை மீண்டும் மீண்டும் குத்த முடிகிறது. விழுந்தவருக்கு நடுவர் பத்து எண்ணுகிறார். எட்டில் எழுந்து நிற்பவரை வீரன் என்று கைதட்டி, கலங்கிய தலையோடு மறுபடி அடிவாங்க அனுப்புகிறோம். 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காம் சுற்றில் வீழ்ந்து சில நாள்களில் இறந்த பிறகுதான் உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன.

எம்.எம்.ஏ.யில் கையுறை சுமார் 113 கிராம்தான். முழங்கை, முழங்கால், உதை, மல்யுத்தப் பிடி, கழுத்து நெரிப்பு என எல்லாம் உண்டு. ரத்தம் அதிகம், கிழிசல் அதிகம், மூட்டுக் காயம் அதிகம். ஆனால் பிடியில் சிக்கியவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு, மூளைக்குச் சேதமில்லாமல் வீடு திரும்ப முடியும். எங்கள் ஆட்டத்தில் அப்படித் தட்டுவதற்கு வழியே இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் பத்தாண்டுகாலப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: ஏதேனும் ஒரு காயம் பட்டவர்கள் எம்.எம்.ஏ.யில் 59 விழுக்காடு, குத்துச்சண்டையில் 50 விழுக்காடு. ஆனால் நினைவிழந்தவர்கள் எம்.எம்.ஏ.யில் 4 விழுக்காடு, குத்துச்சண்டையில் 7 விழுக்காடு.

இதை வைத்து எம்.எம்.ஏ. பாதுகாப்பானது என்று வாதிட வரவில்லை. அங்கே பத்து எண்ணுவது கிடையாது. விழுந்தவர் மேல் ஏறி, நடுவர் குறுக்கே பாயும்வரை குத்துகிறார்கள். நடுவர் இரண்டு நொடி தாமதித்தால், தற்காக்க இயலாத தலையில் நாலைந்து அடி விழுந்துவிடும். என் மாணவனுக்கு நேர்ந்தது அதுதான். ஒன்பது நாளுக்கு முன் அடிபட்ட மூளைக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை எந்த நரம்பியல் மருத்துவரும் தங்களுக்குச் சொல்வார். மண்டைக்குள் ரத்தம் கசிபவர் சில நேரம் எழுந்து நடப்பார், பேசுவார், தலை வலிக்கிறது என்று மட்டும் சொல்வார். சரிவதோ அதற்குப் பிறகுதான். அதனால்தான் பதிவேடும், மேடையருகே மருத்துவரும், வாசலில் ஆம்புலன்ஸும் வேண்டும் என்கிறோம்.

மறுநாள் அமைப்பாளரைச் சந்தித்தேன். அரங்க அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி இரண்டையும் காட்டி, மருத்துவரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்றார். வண்ண விளக்குக்கும் சிறப்பு விருந்தினரின் மாலைக்கும் பணம் இருந்திருக்கிறது. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் ஐயாயிரம் ரூபாய்க்கு அடிவாங்க வரும் பிள்ளைகளின் தலை யாருடைய கணக்கிலும் வரவில்லை. 2022இல் பெங்களூரில் கிக்பாக்சிங் போட்டியில் அடிபட்டு ஓர் இளைஞர் இறந்தபோதும், அங்கே மருத்துவ ஏற்பாடு இல்லை என்றுதான் குடும்பத்தினர் அழுதார்கள். அடுத்த மாநிலத்தில் ஒரு பிள்ளை இறந்ததைப் பார்த்தும் நாம் விதியை மாற்றவில்லை என்றால், இங்கேயும் ஒரு பிள்ளை சாகும்வரை காத்திருக்கப் போகிறோமா?

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். தாங்கள் எந்த விளையாட்டையும் தடைசெய்ய வேண்டாம். புதிய கட்டடமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கடைசியாக விழுந்த தேதியும் மருத்துவரின் கையெழுத்தும் உள்ள ஒரு பதிவேட்டை, குத்துச்சண்டை, எம்.எம்.ஏ., கிக்பாக்சிங் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கி, அது இல்லாத போட்டிக்கு அனுமதி இல்லை என்று ஓர் ஆணை பிறப்பித்தால் போதும்.

அதே அமைப்பாளரின் அடுத்த போட்டிக்கான சுவரொட்டிகள் எங்கள் தெருவில் ஒட்டப்பட்டுவிட்டன. என் மாணவன் பிழைத்துவிட்டான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மறுபடி சொல்கிறான். எப்போது ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யலாம் வாத்தியாரே என்று நேற்றும் கேட்டான். நான் இனி அனுமதிக்க மாட்டேன். ஆனால் அவன் வேறொரு கூடத்துக்குப் போய்க் கேட்டால், முடியாது என்று சொல்ல அவர்களிடம் எந்தப் பதிவும் இருக்காது. சுவரொட்டியில் உள்ள தேதிக்கு முன்பாவது அந்த ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடசென்னைக் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர்