கிழிந்த துணிக்கும் ஒரு புதன்கிழமை வேண்டும்

திருநெல்வேலி மாநகராட்சி மேயர், ஆணையர், 55 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டுத் தார்சாவில் தையல் மிஷின்களைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். மாதத்தில் ஒரு நாள், வீடுகளில் உடுத்திக் கிழிந்த துணியைத் தனியாக வாங்குங்கள். வாங்கியதை ராமையன்பட்டி குப்பைக்கிடங்குக்கு ஏற்றிவிடாமல், மண்டலத்துக்கு ஓர் அறை ஒதுக்கி, தைக்கத் தெரிந்த பெண்களின் கையில் கொடுங்கள்.

உங்களால் முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். புதன்கிழமை பிளாஸ்டிக்கைத் தனியாகத் தாருங்கள் என்று மாநகராட்சி சொன்னபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எத்தனையோ பேர் பேசினார்கள். ஆனால் எந்தக் கிழமை எதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் கொடுப்பார்கள். பையில் கட்டி வாசலில் மாட்டிவைப்பார்கள். அதே பழக்கத்தைத் துணிக்கும் கொண்டுவரலாம்.

உடுத்த முடிகிற துணிக்கு நம் ஊரில் ஏற்கெனவே வழி இருக்கிறது. 2017-ல் அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி தொடங்கிய அன்புச்சுவரில், நல்ல சட்டையும் சேலையும் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு, எடுத்துப் போனவர்களும் உண்டு. 2023 கோடையில் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்கும் மையங்களை நாடு முழுக்க நகராட்சிகள் திறந்தன. அதற்கெல்லாம் முன்னால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவுக்கு வருவார். சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒரு ஓட்டை தெரிந்தாலும் தள்ளிவைத்துவிடுவார்.

அப்படித் தள்ளிவைத்த சேலைக்குத்தான் வழி இல்லை. அக்குளில் கிழிந்த நைட்டி, காலர் நைந்த சட்டை, ஓரம் பிய்ந்த போர்வை, பழுப்பேறிய வேட்டி இதெல்லாம் எங்கே போகும்? கிழிந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நம் மரியாதை, அது சரிதான். அதனால் அது குப்பை வண்டிக்குப் போகிறது. மழையில் நனைந்து மக்குகிற குப்பையோடு சேர்ந்தால் யாருக்கும் ஆகாது. உரக்கிடங்கில் மிஷின் அலகைச் சுற்றிக்கொள்ளும். குப்பைக்கிடங்கில் தீப்பிடித்தால் பாலியஸ்டர் உருகி எரிகிற புகை எப்படி இருக்கும் என்று சங்கரன்கோவில் சாலைப் பக்கம் குடியிருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு பகுதி ஆற்றுக்குப் போகிறது. பாபநாசத்தில் முழுகிவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் கழியும் என்று நம்பி விட்டுப்போகிறார்கள். பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சேலையும் வேட்டியுமாகச் சிக்கிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தன்னார்வலர்கள் தண்ணீருக்குள் இறங்கி இழுத்துப் போட, அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. பாபநாசம் உங்கள் எல்லையில் இல்லை, தெரியும். ஆனால் குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை படித்துறைகள் உங்கள் எல்லையில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு பெட்டி வைத்து, ‘துணியை ஆற்றில் விட வேண்டாம், இதில் போடுங்கள்’ என்று எழுதிவைத்தால் போடுகிறவர்கள் போடுவார்கள்.

சரி, வாங்கிய கிழிசலை வைத்து என்ன செய்வது? இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய துணி என்றதும் பலருக்கும் தரை துடைப்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றுவதில்லை.

முதலில், பல தடவை துவைத்த பருத்தித் துணி புதுத்துணியைவிட நல்லது. புதுசில் இருக்கிற கஞ்சிப்பசை போய்விடும், நூல் மெதுவாகிவிடும், தண்ணீரைச் சட்டென்று இழுக்கும். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தாமல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கிடத்துவார்கள். இட்லிக் கொப்பரைத் தட்டில் விரிக்கிற துணியும் அதுதான். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கூழ்வத்தல் ஊற்றுவதற்கும் பழைய வேட்டிதான் வேண்டும். மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டால் வத்தல் உடையாமல் கழன்று வருகிறது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற அக்காமார், நனைத்த இலை காய்ந்துவிடாமல் சுற்றிவைப்பதும் பழைய சேலையில்தான். இவர்களில் யாரும் கைவினை வகுப்புக்குப் போய் இதைக் கற்கவில்லை. இந்த அறிவு ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. துணி இருக்கிற இடமும் அது வேண்டியிருக்கிற இடமும் ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

என் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது கால்மிதி. மிஷினே வேண்டாம். ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை நீளவாக்கில், மூன்று விரல் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். கத்திரியால் வெட்டக் கூடாது. ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துக் கையால் இழுத்தால் நூல் ஓட்டத்திலேயே நேராகக் கிழிந்து போகும். ஒரு சேலையில், நைந்த இடம் போக, ஏறக்குறைய இருபது பட்டை வரும். மூன்று பட்டையை எடுத்துத் தலைமுடி பின்னுகிற மாதிரி பின்ன வேண்டும். பட்டை தீர்ந்தால் முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு காலில் உறுத்தும். இரண்டு நுனியிலும் காஜா அளவுக்கு ஒரு கீறல் போட்டு, புதுப் பட்டையின் நுனியைப் பழைய பட்டையின் கீறலுக்குள் நுழைத்து, புதுப் பட்டையின் மறுமுனையை அதன் கீறலுக்குள்ளேயே விட்டு இழுத்தால் இரண்டும் கவ்விக்கொள்ளும். அப்புறம் பின்னலைத் தரையில் வைத்து, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி, பக்கத்துப் பக்கம் கோணி ஊசியால் தைத்துக்கொண்டே போக வேண்டும். மடியில் வைத்துத் தைத்தாலும் நூலை இறுக்கி இழுத்தாலும் கால்மிதி கிண்ணமாகக் குழிந்துவிடும். தரையை விட்டு எடுக்காமல் தைத்தால் தட்டையாகக் கிடக்கும். கடையில் விற்கிற ரப்பர் மிதியடி வெயிலில் வெடித்துப் பொடிந்துவிடுகிறது. இது எத்தனை முறை துவைத்தாலும் தாங்கும்.

சேலைகளை அடுக்கி நூல் ஓட்டித் தைக்கிற போர்வை அடுத்தது. நான்கு அடுக்கு இருந்தால் மார்கழிக் குளிருக்குப் போதும். நைந்த சேலைகளை நடுவில் வைத்து, கொஞ்சம் நன்றாக இருப்பதை மேலும் கீழும் போட வேண்டும். விளிம்பு நூல்கள் ஓரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பார்டரே கரையாகிவிடும். வயதானவர்கள் கம்பளியைவிட இதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். கனம் இல்லை, உடம்பை அறுக்காது.

மஞ்சப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் பை தைப்பதற்குப் புதுத்துணி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிச் சீருடை பேன்ட், ஜீன்ஸ், திரைச்சீலை, பழைய படுக்கை விரிப்பு இவற்றில் தைத்த பை அதைவிட அதிகம் தாங்கும். பேன்ட் காலை அப்படியே வெட்டி அடியை மூடினால் பாதி வேலை முடிந்தது. பை கிழிவது எப்போதும் கைப்பிடி சேருகிற இடத்தில்தான். அங்கே உள்பக்கம் ஒரு ஒட்டுத் துணி வைத்து, சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காக இரண்டு தையல் போட்டால் நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து பூசணிக்காயே சுமந்து வரலாம்.

எல்லாத் துணியும் எல்லாவற்றுக்கும் ஆகாது. இதைத் தரம் பிரிக்கத்தான் தெரிந்த கை வேண்டும் என்கிறேன். ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். அப்படி உருகுகிற துணியில் அடுப்படிப் பிடிதுணி தைப்பது ஆபத்து, தரை துடைக்கவும் அது தண்ணீரை இழுக்காது. ஆனால் கயிறு திரிக்கலாம், பைக்கு உள்துணி வைக்கலாம், சின்னதாக நறுக்கித் திண்டுக்குள் அடைக்கலாம். இப்போது வீடுகளிலிருந்து வருவதில் இந்த ரகம்தான் நிறைய. அதனால் இதற்கு வேலை கண்டுபிடிக்காமல் பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிற திட்டம் பாதித் திட்டம்.

உதிரிப் பொருள்களையும் விட்டுவிடக் கூடாது. சட்டையைக் கிழிப்பதற்கு முன் பித்தானை வெட்டி டப்பாவில் போட வேண்டும். பள்ளிப் பையின் ஜிப், ரவிக்கைக் கொக்கி, பாவாடை நாடா எல்லாம் திரும்ப உதவும். கம்பி உடைந்த குடையின் துணி முழுசாக இருக்கும், அதைப் பிரித்துத் தைத்தால் மழை நனைக்காத சைக்கிள் சீட் உறை. கோரைப்பாய் நடுவில் நன்றாக இருக்கும்போதே ஓரம் பிரிந்துவிடும். பத்தமடைப் பாய்க்குத் துணிக்கரை வைக்கிற மாதிரி, பழைய வேட்டிக் கரையை மடித்து இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் படுக்கலாம். சுளகில் இடுக்கு விழுந்தால், பழைய செய்தித்தாளை ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டிப் பூசிக் காயவைப்பார்கள் எங்கள் ஆச்சிமார். மாவு சிந்தாது, பூச்சியும் அண்டாது என்பார்கள். இதைச் செய்யத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் நம் தெருக்களில் இருக்கிறது. அவர்களையும் அந்த அறைக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், மரியாதையாக ஒரு தொகையும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். ‘குப்பையிலிருந்து கலைப்பொருள்’ என்று போட்டி வைத்து, பாட்டிலில் ஜிகினா ஒட்டி, மேடையில் பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து முடிப்பது வேண்டாம். அந்தப் பொருள் அடுத்த மாதம் குப்பைக்கு வரும்போது, ஒட்டிய பசையால் எதற்குமே ஆகாமல் போயிருக்கும். தினமும் கைபடுகிற சாமான் செய்தால்தான் துணிக்கு இரண்டாவது ஆயுசு கிடைக்கும்.

தைத்த சாமான்களை யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். முதலில் நீங்கள் வாங்குங்கள். வார்டு அலுவலகங்கள், மாநகராட்சிப் பள்ளிகள், சுகாதார நிலையங்கள் எல்லாவற்றுக்கும் கால்மிதியும் துடைப்புத் துணியும் வேண்டும், அதை வெளியில் வாங்குவதற்குப் பதிலாக இங்கே வாங்கலாம். பைக் மெக்கானிக் கடைகளும் லேத் பட்டறைகளும் அச்சகங்களும் துடைப்பதற்கு வேஸ்ட் துணியைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. பித்தானும் ஜிப்பும் இல்லாமல், துவைத்துக் காய்ந்த பருத்தித் துண்டு கிடைத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். டவுன் ரத வீதித் தையல் கடைகளில் தினமும் விழுகிற வெட்டுத்துணியும் இதே அறைக்கு வந்தால் ஒட்டுப்போடத் துணிக்குப் பஞ்சம் வராது.

வாங்கும்போது கண்டிப்பு வேண்டும். துவைத்துக் காயவைத்த துணியை மட்டும் வாங்க வேண்டும். ஈரத்துணி ஒன்று மூட்டைக்குள் போனால் மூட்டை முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு தெருமுனைகளில் கிடந்த மெத்தையும் துணியும் எதற்கும் ஆகாமல் போனதற்கு, அவற்றை உடனே காயவைக்க இடமில்லாததும் ஒரு காரணம். நோயாளிகள் பயன்படுத்திய துணியை இதில் சேர்க்கவே கூடாது. தூய்மைப் பணியாளர்கள் மேல் இன்னொரு சுமையாகவும் இதைப் போடாதீர்கள். தரம் பிரிக்கிற வேலை அறையில் இருக்கிற பெண்களுடையது, அதற்குக் கூலி அவர்களுக்குத் தனியாகப் போக வேண்டும். வீட்டை விட்டு வர முடியாதவர்கள் பட்டையை எடுத்துப்போய்ப் பின்னிக்கொண்டு வரட்டும், உருப்படிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

நான்கு மண்டலத்திலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் முதலில் வைத்தால் மிஷினும் கத்திரியும் நாங்கள் கொண்டுவருகிறோம், சொல்லிக்கொடுக்க என் மாணவிகள் தயாராக இருக்கிறார்கள். மின் இணைப்பு, நல்ல வெளிச்சம், துணி காயப்போட ஒரு மொட்டை மாடி, இவ்வளவுதான் நீங்கள் தர வேண்டியது. ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்கிவிடுங்கள். அடைமழை பிடித்துவிட்டால் துணி காயாது, வாங்கிய மூட்டைகளை வைத்துக்கொண்டு தை மாதம் வரை திண்டாட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தையல் ஆசிரியை