ரீஜென்சி நாவல்களில் நகைச்சுவை ஊறுகாய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தை, அதாவது ரீஜென்சி காலத்தை, களமாகக் கொண்ட ஆங்கிலக் காதல் நாவல்கள் குறித்து வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்காலத்தில் நிகழும் ‘பிரிட்ஜர்டன்’ இணையத் தொடரின் இரண்டாம் பருவத்தில், 2022இல், தமிழ் வம்சாவளி நடிகைகள் இருவர் சகோதரிகளாக நடித்ததும், அதில் ‘அப்பா’ என்ற சொல் ஒலித்ததும் நம் வாசகர்கள் பலரை அந்தக் காலத்தின் பக்கம் திருப்பியிருப்பதைக் கட்டுரையாளர் சரியாகவே சுட்டுகிறார். ஆனால் அந்தத் தொடருக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட நாவல்களையும் நடனக் கூடம், பட்டாடை, பிரபு வீட்டுத் திருமணம் என்ற மூன்றுக்குள் அடக்கிவிட்டு, அவற்றின் நகைச்சுவையை இலையோரத்தில் வைத்த ஊறுகாய்போல் ஒரே வரியில் கடந்துவிடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாவல்களைப் படித்துவருபவள் என்ற முறையில் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அங்கே நகைச்சுவை ஊறுகாய் அல்ல, சோறே அதுதான்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றி ஆள முடியாமல் போனபோது, அவருடைய மூத்த மகன் 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளைத்தான் ரீஜென்சி காலம் என்கிறோம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளிவந்ததும் அப்போதுதான். அவர் தம் காலத்தைப் பற்றி எழுதினார். அதே காலத்தைப் பின்னோக்கிப் பார்த்து, நகைச்சுவைக் காதல் கதை என்ற தனி வகையை உருவாக்கியவர் 1902இல் பிறந்து 1974இல் மறைந்த ஜார்ஜெட் ஹேயர். 1935இல் தம் முதல் ரீஜென்சி நாவலை வெளியிட்ட அவர், ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அக்காலத்து உடை, வண்டி, கொச்சைச் சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் திரட்டிவைத்துக்கொண்டு எழுதியவர் அவர்.

அவருடைய நூல் ஒன்று முதன்முதலில் என் கைக்கு வந்தது 1983இல். எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில், அட்டை கிழிந்து நூலால் தைக்கப்பட்டிருந்த ‘ஃப்ரெடரிகா’ அது. அப்போது தந்தையார் பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தார். இரவில் அவர் கண்ணயர்ந்த பிறகு, ஆங்கிலம் அறியாத என் தாயாருக்கு அன்று படித்த பகுதியைத் தமிழில் சொல்வேன். லண்டனின் கிரீன் பார்க் பூங்காவில் மேய்ந்துகொண்டிருந்த பசுக்களைத் துரத்திவிட்ட, நாயகி ஃப்ரெடரிகா வீட்டு நாட்டு நாய் ஒன்று, தண்டனையிலிருந்து தப்புவதற்காக, ஒரு பெரிய பிரபுவுக்குச் சொந்தமான அரிய பலுசிஸ்தான் வேட்டைநாயாக மாற்றப்படுவதையும், எதிலும் பற்றில்லாமல் சலித்துப்போயிருந்த அந்தப் பிரபு, அந்த நாயைத் தம்முடையது என்று முகம் மாறாமல் ஒப்புக்கொள்வதையும் சொன்னபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும், “அந்தப் பெண் இவனைத்தானே கட்டிக்கொள்ளப் போகிறாள்?” என்று கேட்டார். கதையில் காதல் என்ற சொல்லுக்கே அதுவரை இடமில்லை. ஒரு பொய்யை இருவர் கண்ணாலே பேசிக்கொண்டு காப்பாற்றிய அந்த ஒரு காட்சியிலிருந்தே அவர் அதைத் தெரிந்துகொண்டார்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அக்காலத்து இங்கிலாந்தில் திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி இருப்பே கிடையாது. தனி ஏற்பாடு எதுவும் செய்துவைக்காவிட்டால் அவளுடைய பணமும் பொருளும் கணவனைச் சேர்ந்தவை. அந்த நிலையை மாற்றத் தொடங்கிய சட்டம் 1870இலும், முழுமையாக மாற்றிய சட்டம் 1882இலும்தான் வந்தன. 1857க்கு முன்பு மணமுறிவு பெற்று மறுமணம் செய்துகொள்ள நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் உரிமம் பெற்று மணமுடிக்கப் பெற்றோர் சம்மதம் தேவை என்று 1753ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லையிலிருந்த கிரெட்னா கிரீன் சிற்றூரை நோக்கி இந்நாவல்களின் இளசுகள் வண்டி பூட்டிக்கொண்டு ஓடுவதற்குக் காரணமும் அதுவே. ஒரே ஒரு முறை, திரும்பி வர வழியில்லாமல், ஒருவனுடைய கையில் தன் வாழ்க்கையை முழுவதும் ஒப்படைக்கப் போகும் பெண்ணுக்கு அவனைச் சோதித்தறிய என்ன வழி இருந்தது? தனியே சந்திக்க முடியாது. கடிதம் எழுதினாலும் பழி. பிறர் நடுவே உரையாடலாம், ஆடலாம், சேர்ந்து சிரிக்கலாம். தன்னைக் கேலி செய்தால் அவன் தாங்குவானா, பிறர் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அவனுக்குள் இரக்கம் இருக்கிறதா, தனக்குப் புரிந்த வேடிக்கை அவனுக்கும் புரிகிறதா என்பவற்றை அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே அவள் கண்டறிந்தாக வேண்டும். ஹேயரின் நாவல்களில் சிரிப்பு வருமிடமெல்லாம் இந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது.

1953இல் வெளிவந்த ‘கொட்டிலியன்’ நாவலை இதற்குச் சிறந்த சான்றாகச் சொல்வேன். கஞ்சக் கிழவர் ஒருவரின் வளர்ப்புப் பெண் கிட்டி, அவருடைய உறவுப் பையன்களில் ஒருவனை மணந்தால்தான் அவளுக்குச் சொத்து. அழகும் துணிச்சலும் நிறைந்த ஜாக் மீது அவளுக்கு மோகம். அவனைச் சீண்டுவதற்காக, உடை நேர்த்தியைத் தவிர வேறெதுவும் அறியாதவன் என்று எல்லோரும் கருதும் ஃப்ரெடியுடன் பொய்யாக நிச்சயம் செய்துகொண்டு லண்டன் போகிறாள். வழக்கமான கதையில் ஜாக்தான் நாயகன். ஃப்ரெடி சிரிப்பதற்காக வைத்த பாத்திரம். ஹேயர் அந்த வழக்கத்தை மெல்ல மெல்லப் புரட்டிப்போடுகிறார். யார் எந்தச் சங்கடத்தில் சிக்கினாலும் அதிலிருந்து அவர்களை மானம் போகாமல் மீட்பவன் ஃப்ரெடியே என்பது தெரியவருகிறது. பூதத்தைக் கொல்லும் வீரன் பெண்ணுக்கு எதற்கு, இக்கட்டில் கைகொடுப்பவன் போதும் என்று கிட்டி உணரும் இடத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோமோ அவனையே நாம் மதிக்கவும் வைப்பது எளிய கலை அல்ல.

நகையே அழுகை இளிவரல் என்று எண்ணத் தொடங்கும் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அதற்கு நான்கு நிலைக்களன்களும் வகுத்தார். 1944இல் வெளிவந்த ‘ஃப்ரைடேஸ் சைல்ட்’ நாவலில் இந்த நான்கையும் ஒருசேரக் காணலாம். காதலி மறுத்துவிட்ட கோபத்தில், முதலில் கண்ணில் படும் பெண்ணையே மணப்பேன் என்று சபதம் செய்து, உலகம் அறியாத பதினேழு வயதுப் பெண்ணை மணந்துகொள்கிறான் ஓர் இளம் பிரபு. அவனுடைய நண்பன் ஃபெர்டியோ, பள்ளியில் அரைகுறையாகக் காதில் விழுந்த ‘நெமிசிஸ்’ என்ற, பழிதீர்க்கும் கிரேக்கத் தேவதையின் பெயரை உண்மையான ஓர் ஆள் என்று நம்பி, அவன் தன்னைப் பின்தொடர்கிறான் என்று அஞ்சிக்கொண்டே திரிகிறான்.

இந்த நூலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ருமேனியச் சிறையில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த பெண்மணி ஒருவர், இந்த நாவலின் கதையை நினைவிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லித் தன்னையும் உடனிருந்த கைதிகளையும் மனம் பேதலிக்காமல் காத்துக்கொண்டதாக ஹேயருக்குக் கடிதம் எழுதினார். வாசகர் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கமில்லாத ஹேயர் அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தியிருந்தார். இதைப் பின்னாளில் நான் படித்தபோது, எங்கள் வீட்டுக் கூடத்தில் இரவு விளக்கடியில் அமர்ந்து கதை கேட்ட என் தாயாரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் துன்பம் அந்தக் கைதிகளின் துன்பத்துக்கு அருகில்கூட வராது. ஆனாலும் கையில் புத்தகம் இல்லாதபோதும் வாய்வழியே சொல்லிச் சிரிக்கத்தக்க கதையைக் கட்டுரையாளர் ‘படித்ததும் மறந்துபோவது’ என்று எப்படி எழுதினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்நாவல்கள் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. 1950இல் வந்த ‘தி கிராண்ட் சோஃபி’யில் யூத வட்டிக்காரரைச் சித்திரித்திருக்கும் விதம் இழிவானது, யூதர்களுக்கு இழைக்கப்பட்ட பேரழிவு முடிந்து ஐந்தே ஆண்டுகளில் அப்படி எழுதியதற்கு எந்தச் சமாதானமும் போதாது. இந்தப் பிரபுக்களின் செல்வத்தில் மேற்கிந்தியத் தோட்டங்களின் அடிமை உழைப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொள்ளையும் எவ்வளவு கலந்திருந்தன என்பதைக் கதைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. 1819இல் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள்மீது குதிரைப்படை பாய்ந்த இங்கிலாந்தை இவற்றில் தேடுபவர் ஏமாறுவார். எனினும் ஹேயரின் ‘அராபெல்லா’ நாவலில், புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனை அவனை வதைக்கும் எசமானனிடமிருந்து காக்க, நாகரிகத்தின் உச்சியில் இருக்கும் செல்வந்தரையே அவனுக்குப் பொறுப்பேற்கும்படி நாயகி செய்துவிடும் காட்சியும் இருக்கிறது. அங்கும் வழி திறப்பது நகைச்சுவைதான்.

இவை தமிழுக்கு ஒத்துவராது என்று கட்டுரை முடிகிறது. இரவுதோறும் தமிழில் சொல்லிப் பார்த்தவள் என்பதால் இதைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். கடினமான இடங்கள் உண்டு. ஃப்ரெடி பேசும்போது எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசுவான். ஆங்கிலத்தில் அதுவே அவனுடைய சோம்பலையும் நாகரிகத்தையும் காட்டிவிடும். தமிழில் வினைமுற்றே யார் என்பதைச் சொல்லிவிடுவதால் அந்த விளைவு காணாமல் போகும்; வேறு வழியில், சொற்களை முடிக்காமல் இழுத்தோ பாதியில் விட்டோ அதை ஈடுகட்ட வேண்டும். அதே சமயம், ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைச் சொல்லால் நடக்கும் உரையாடல் தமிழில் ‘நீங்கள்’ என்று தொடங்கி, எந்தப் பக்கத்தில், யாருடைய வாயில், ‘நீ’ என்று மாறுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒரு மாற்றத்தில் தமிழ் வாசகருக்குக் கிடைக்கும் இன்பம் மூலத்தில் படிப்பவருக்குக் கிடைக்காது.

ஆகவே தங்கள் இணைப்பிதழ் இந்த நாவல்களுள் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, அதன் நகைச்சுவை எவ்வாறு அமைந்திருக்கிறது என்று விரிவாக ஆராயும் கட்டுரையொன்றை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஃப்ரெடரிகா’வின் பூங்காக் காட்சியை அம்மாவுக்குச் சொன்ன நடையிலேயே தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். கட்டுரையாளர் பார்க்க விரும்பினால் அவருடைய பார்வைக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
திருச்சிராப்பள்ளி