அத்தைக்கு வயது 74, பெண்

தில்லியில் மின்னணு மருத்துவச் சேவைகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை என் அத்தை இருபத்திரண்டு வயது இளைஞர் ஆனார். ஆக்கியது உங்கள் கியூ.ஆர். பலகை.

சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு முனிர்காவிலிருந்து பஸ் பிடித்து, ஏழரைக்கே ஓர் அரசு மருத்துவமனை வாசலுக்குப் போய்விட்டார். ஓ.பி. சீட்டுக்கு முதலில் பலகையை ஸ்கேன் செய்து டோக்கன் வாங்க வேண்டுமாம். அவரிடம் இருப்பது பொத்தான் செல்பேசி. "பேரனைக் கூட்டி வாருங்கள், அம்மா" என்றார் காவலாளி. பேரன் இருப்பது புனேயில். ஒன்பது மணிக்கு மேல் ஒரு பையன் இரக்கப்பட்டுத் தன் செல்பேசியில் ஸ்கேன் செய்து, டோக்கன் எண்ணை அத்தையின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் கொடுத்தான். முறை வந்தபோது கவுண்டர் திரையில் அந்தப் பையனின் பெயர், ஆண், வயது 22. மறுபடி ஸ்கேன் செய்து வரச் சொன்னார்கள். பதினொன்றரைக்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள். மாலையில் நான் போனபோது அத்தை உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எண் பாதி அழிந்திருந்தது.

வரிசையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது எனக்குத் தெரியும். எனக்கே பத்து நிமிடத்தில் சீட்டு கிடைத்திருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கு அதிகம் போவது நானா, அத்தையா?

அவருக்கு ஆபா எண், அதாவது மருத்துவப் பதிவுகளுக்கான 14 இலக்க அடையாள எண், எடுத்துத் தர வீட்டிலேயே முயன்றேன். ஓடிபி ஆதாரில் உள்ள எண்ணுக்குப் போனது. அது மாமாவின் எண்; மாமாவோடு போய்விட்டது. எழுபது வயது கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2024 அக்டோபரில் தொடங்கினீர்கள். நல்ல திட்டம். விளம்பரத்தில் செல்பேசியைப் பார்த்துச் சிரிக்கும் அந்தத் தாத்தா எந்த ஊரோ, அவருக்கு ஓடிபி தவறாமல் வருகிறது போலும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்: முதியவர்களுக்கு ஆபா எண் எடுத்து, முன்பதிவு செய்து தரும் வேலையைத் தெருமுனை மருந்துக் கடையிடம் கொடுங்கள்.

எங்கள் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு ஹிந்தி அரைகுறை. காலை மாத்திரைப் பட்டையில் ஒரு கோடு, இரவு மாத்திரைக்கு இரண்டு கோடு போட்டுத் தருவார். இத்தனை வருடத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை. நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் பொறுப்பு என்று 2015-ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிமுறைகளே சொல்கின்றன. இதையும் சேர்த்துக்கொள்ள அவர் மறுக்கமாட்டார். ஆனால் இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். பயிற்சி கொடுங்கள், ஒரு முதியவருக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுங்கள், ரேஷன் கடையில் இருப்பது போன்ற விரல்ரேகைக் கருவி ஒன்று கொடுங்கள். ஆபா அட்டையை அவர் அச்சிட்டுக் கொடுக்கட்டும், இணையத்தில் முன்பதிவும் செய்து தரட்டும். எல்லாம் முதியவரின் கண்ணெதிரே நடக்க வேண்டும். கடையில் எந்த விவரமும் தங்கக் கூடாது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று வங்கி எச்சரிக்கிறது. மருத்துவமனை வாசலில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால்தான் காரியம் நடக்கிறது. அதைவிட, தெரிந்த கடைக்காரர் எவ்வளவோ மேல்.

மருந்துக் கடைகளுக்கு இது வர நாளாகும் என்றால், அதுவரை ஸ்கேன் இல்லாத கவுண்டர் ஒன்றையாவது திறந்து வையுங்கள். வரும் செவ்வாய்க்கிழமை அத்தை மறுபடி வெறும் வயிற்றோடு வருகிறார்.

இப்படிக்கு,
ஆர்.கே. புரத்திலிருந்து அவருடைய மருமகன்